அப்பாவை இழந்த பிள்ளையும் கதைக்குள் தொடரும் அப்பாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு சேர்ந்து கதை வாசித்து வருகிறேன். பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாமார், அம்மம்மாமார், பாடசாலை ஆசிரியர்கள், தாமாகவே கதை எழுதிப் பார்க்கும் உயர்தர வகுப்பு மாணவர்கள் என்று பலரும் ஒரு விடயத்தையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்: தகப்பனை இழந்த பிள்ளையைப் பற்றிய கதைகள். வாசலில் நின்றபடி சொல்லி முடிக்க முடியாத பதில்களை இங்கே ஆறுதலாக எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அப்பா செத்துப்போற கதை எல்லாமே இதுக்குள்ள வருமோ?

வராது. சிறுவர் கதைகளில் தாயோ தகப்பனோ தொடக்கத்திலேயே இறந்துபோவது மிகவும் சாதாரணம். பிள்ளை தனியே காட்டுக்குள் போக வேண்டும், ஆபத்தில் மாட்ட வேண்டும் என்றால் பெரியவர்கள் வீட்டில் இருக்கக் கூடாதல்லவா? அந்தக் கதைகளில் அப்பாவின் சாவு ஒரு வசதிதான். இரண்டாம் பக்கத்துக்குப் பிறகு அவரைப் பற்றிப் பேச்சே இருக்காது.

நான் சொல்லும் கதைகளில் அப்பா இறந்த பிறகும் பிள்ளையின் வாழ்க்கைக்குள் வேலை செய்துகொண்டே இருப்பார். பிள்ளை அவரோடு கோபப்படும், அவரிடம் அனுமதி கேட்கும், அவரைப் பற்றிப் புதிதாக ஒன்றை அறிந்து திகைக்கும். கதையின் பின்பாதியில் இருந்து அப்பாவை முழுவதும் எடுத்துவிட்டுப் பாருங்கள். கதை அப்படியே நின்றால் அது வேறு வகைக் கதை. சரிந்து விழுந்தால் அதுதான் நாங்கள் இங்கே பேசுவது.

எங்கட தமிழில இப்பிடி ஏதும் இருக்கோ, இல்லாட்டி எல்லாம் வெளியில இருந்து வந்ததுதானோ?

இருக்கிறது, அதுவும் மிகப் பழையது. புறநானூற்றின் 112ஆம் பாட்டு பாரி மகளிர் பாடியது. ஐந்தே அடி. அன்றைய மாதத்து வெண்ணிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றையும் பிறர் கொள்ளவில்லை. இன்றைய மாதத்து வெண்ணிலவில் முரசு முழங்கும் வேந்தர் குன்றைக் கொண்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை. அவ்வளவுதான். அழுதோம் என்று ஒரு சொல்கூடக் கிடையாது. தந்தையையும் குன்றையும் அந்தப் பெண்கள் ஒரே மூச்சில் சொல்வதைக் கவனியுங்கள். தகப்பன் போனால் இருந்த இடமும் போய்விடுகிறது. வாடகை கட்ட ஆளில்லாமல் காலி வீதி ஃபிளாட்டைக் காலி செய்துகொண்டு மாமி வீட்டுக்குப் போன பிள்ளைக்கு இந்தப் பாட்டை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

கம்பராமாயணத்தில் அங்கதன் இருக்கிறான். அம்பு பட்டுக் கிடக்கும் வாலியைப் பார்த்து "எந்தையே! எந்தையே!" என்று விழுந்து அழுகிறான். அப்புறம் நடப்பதுதான் யாரும் எதிர்பாராதது. வாலி தன்னைக் கொன்ற இராமனிடமே மகனை ஒப்படைக்கிறான். இராமன் தன் உடைவாளை நீட்டி "நீ இது பொறுத்தி" என்கிறான். மகாபாரதத்தில் அசுவத்தாமனும் பரீட்சித்தும் இருக்கிறார்கள். அவர்களிடம் கீழே வருவோம்.

என்ட மகன்ட வாப்பா மௌத்தாகி இன்னும் ஒரு வருசம் ஆகல்ல. அவனுக்கு இப்படிக் கதை கொடுக்கலாமா? அழுதிடுவான்னு பயமா இருக்கு.

கொடுக்கலாம், ஆனால் அவசரமில்லை. முதல் சில மாதங்கள், கணவரை இழந்த பின் நீங்கள் இத்தா இருக்கும் காலமும் உறவினர் வந்து போகும் காலமும், பிள்ளைக்கு வழக்கமான சாப்பாடு, வழக்கமான நித்திரை, வழக்கமான பாடசாலை இவைதான் முக்கியம். அதற்குப் பிறகும் "இது உனக்காகவே வாங்கியது" என்று கையில் திணிக்காதீர்கள். முதலில் நீங்கள் முழுவதும் வாசியுங்கள். பின்னர் வேறு இரண்டு மூன்று புத்தகங்களோடு அதையும் வையுங்கள். இந்தக் கதையில் வாப்பா இறந்துவிடுவார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நடுவில் திடீரென்று அந்தப் பக்கம் வருவதுதான் பிள்ளையை உலுக்கும். தெரிந்துகொண்டு போகும் பிள்ளை தனக்கு வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொள்ளும்.

அழுதால் அழட்டும். வீட்டில் அவன் அழுதால் நீங்கள் உடைந்துபோவீர்கள் என்று அவனுக்குத் தெரியும். கதையில் வரும் பிள்ளைக்காக அழும்போது அந்தப் பயம் அவனுக்கு இல்லை. ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: வாசித்து முடித்தவுடன் "உனக்கும் இப்படித்தானா?" என்று கேட்காதீர்கள். கதையில் வரும் பிள்ளையைப் பற்றியே கேளுங்கள். தன்னைப் பற்றிச் சொல்ல விரும்பினால் அந்த வழியாக அவனே வருவான்.

எத்தின வயசில இருந்து இதெல்லாம் விளங்கும்?

சாவைப் பற்றிப் பிள்ளைகள் விளங்கிக்கொள்ள வேண்டியவற்றில் முக்கியமானவை மூன்று: இறந்தவர் திரும்பி வரமாட்டார், அவருடைய உடம்பு இனிப் பசிக்காது வலிக்காது, எல்லோருக்கும் இது ஒருநாள் வரும். ஆய்வுகளின்படி பெரும்பாலான பிள்ளைகளுக்கு இவை 5 முதல் 7 வயதுக்குள் தெளிகின்றன. சாவை நேரில் கண்ட பிள்ளைக்கு முன்னதாகவே தெளிவதும் உண்டு.

அதற்குக் கீழே உள்ள சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கும் கதை "இறந்துவிட்டார்" என்று நேராகச் சொல்ல வேண்டும். "அப்பா நித்திரை", "அப்பா வெளிநாடு போயிட்டார்" என்று சொல்லும் கதைகளை நான் ஒதுக்கிவிடுவேன். கொழும்பில் பாதி வகுப்புப் பிள்ளைகளுக்கு கட்டாரிலோ கனடாவிலோ ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். வெளிநாடு போனவர்கள் பெட்டியோடு திரும்பி வருவதை அந்தப் பிள்ளை கண்ணால் பார்க்கிறது. தன் அப்பா மட்டும் ஏன் வரவில்லை, தன்னோடு கோபமோ என்றுதான் அது யோசிக்கும்.

கதையில அந்தப் பிள்ளை செத்த அப்பாவோட கதைச்சுக்கொண்டே இருக்குது. இது நல்லதோ? என்ர மகளும் இப்பிடிப் பழகிடுவாளோ?

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. துயரம் என்பது இறந்தவரிடம் வைத்த பற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக்கொள்ளும் வேலை என்று சிக்மண்ட் ஃபிராய்ட் 1917இல் எழுதினார். "மறந்து முன்னேற வேண்டும்" என்ற அறிவுரைக்கு அது நீண்ட காலம் துணையாக இருந்தது. பிறகு அமெரிக்காவின் பொஸ்டன் பகுதியில் பிலிஸ் சில்வர்மன், வில்லியம் வோர்டன் ஆகியோர் தாயையோ தகப்பனையோ இழந்த 6 முதல் 17 வயது வரையான 125 பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். பிள்ளைகள் விட்டுவிடவில்லை. அப்பா எங்கே இருக்கிறார் என்று ஓர் இடம் வைத்திருந்தார்கள், கனவில் கண்டார்கள், அவர் தங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தார்கள், கதைத்தார்கள், அவருடைய பொருளை வைத்திருந்தார்கள். 1996இல் சில்வர்மனும் டெனிஸ் கிளாஸும் ஸ்டீவன் நிக்மனும் தொகுத்த நூலுக்குப் பிறகு, உறவு தொடர்வது இயல்பு என்ற கருத்து பரவலாக ஏற்கப்பட்டது.

எங்களுக்கு இது புதினமே இல்லை. தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிக்கிறோம், தாய் இல்லாதவர்கள் சித்திரா பௌர்ணமிக்கு. முகத்துவாரத்தில் கடலில் இறங்கிக் குளித்துவிட்டு வந்து, காத்தோட்டிக்காய் பொரித்து, அப்பாவுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைக்கிறோம். கத்தோலிக்க வீடுகளில் நவம்பர் 2ஆம் திகதி கல்லறைக்கு மெழுகுதிரியோடு போகிறார்கள். பெரியவர்கள் செய்தால் வழிபாடு, பிள்ளை செய்தால் வருத்தமா?

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் வேறு. பிள்ளை மாதக்கணக்கில் சாப்பாடு, நித்திரை, நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு விலகுவது, தானும் அப்பாவிடம் போக வேண்டும் என்று சொல்வது. அப்படியானால் கதைப் புத்தகத்தோடு நிற்காதீர்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, இலங்கையில் எங்கிருந்தும் அழைக்கலாம்.

ஏன் எல்லாக் கதையிலயும் அப்பாவின்ர ஒரு சாமான் வருது? மணிக்கூடு, சேர்ட், சாவி...

பிள்ளைக்குக் கையில் பிடிக்க ஏதாவது வேண்டும், அதனால்தான். ஆனால் எழுதுபவர்கள் இதைச் சோம்பலுக்கும் பயன்படுத்துகிறார்கள். மணிக்கூட்டைப் பார்த்தாள், கண்ணீர் வந்தது, கதை முடிந்தது. பொருள் கதைக்குள் ஏதாவது செய்ய வேண்டும், அல்லது ஏமாற்ற வேண்டும்.

ஜோனதன் சஃப்ரான் ஃபோயர் 2005இல் எழுதிய "எக்ஸ்ட்ரீம்லி லவுட் அண்ட் இன்கிரெடிப்லி க்ளோஸ்" நாவலில் 9 வயது ஒஸ்கார், 2001 செப்டெம்பர் 11 தாக்குதலில் இறந்த அப்பாவின் பொருட்களுக்குள் ஒரு சாவியைக் கண்டெடுக்கிறான். நியூயோர்க் முழுக்க அதற்குரிய பூட்டைத் தேடி அலைகிறான். கடைசியில் அந்தச் சாவி வேறொருவருடையது. அப்பா அவனுக்கென்று எதையும் ஒளித்து வைக்கவில்லை. அதைவிடப் பாரமான பொருள் ஒன்று அதே நாவலில் இருக்கிறது: அப்பா அன்றைக்கு அழைத்துப் பதிவான தொலைபேசிச் செய்திகள். கடைசி அழைப்பு வந்தபோது ஒஸ்கார் வீட்டில்தான் இருந்தான். அவனால் ரிசீவரை எடுக்க முடியவில்லை. இதை அவன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. இன்றைக்கு எங்கள் பிள்ளைகளிடம் அப்பாவின் வாட்ஸ்அப் குரல் பதிவுகள் இருக்கின்றன. "தங்கச்சி, பாண் வாங்கிக்கொண்டு வரட்டோ?" என்ற எட்டு விநாடிப் பதிவை வைத்து ஒரு முழுக் கதை எழுதலாம்.

அம்மாவை ஏன் எப்பவும் ஒரு மூலையில இருத்திவிடுறாங்கள்?

நியாயமான குறை. இந்த வகைக் கதைகளில் அம்மா பெரும்பாலும் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார், இல்லாவிட்டால் கடுகடுப்பாக இருப்பார். நடப்பு அப்படியில்லை. எட்டுச் செலவு முடியமுன்னரே வங்கிக் கணக்கு, மரணச் சான்றிதழ், பாடசாலைக் கட்டணம் என்று ஓடுபவர் அம்மாதான். அந்த ஓட்டத்தைப் பிள்ளை "அம்மாவுக்குக் கவலையே இல்லை" என்று எடுத்துக்கொள்ளும்.

இரவில் பிள்ளை அழக்கூடாதென்று அம்மா குளியலறைக்குள் போய் அழுவார். அம்மா அழக்கூடாதென்று பிள்ளை தலையணைக்குள் அழும். காலையில் இருவரும் ஒன்றும் நடக்காத மாதிரித் தேநீர் குடிப்பார்கள். ஒருவரையொருவர் காப்பாற்றுவதற்காகவே ஒரே வீட்டுக்குள் தனித்தனியாகிப் போகிறார்கள். ஒஸ்காரின் மௌனமும் இதுதான். இந்த இரண்டு மௌனங்களும் எங்கே உடைகின்றன என்பதைக் காட்டும் கதைகள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை. அவை குறைவு. எழுதுகிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்பா நல்லவராத்தான் இருக்கோணுமோ? குடிச்சுப்போட்டு அடிக்கிற அப்பாவுக்காகப் பிள்ளை அழுமோ?

அழும். சில வேளை கூடவே அழும். அதோடு ஒரு நிம்மதியும் வரும், அந்த நிம்மதிக்காகக் குற்ற உணர்வும் வரும். எல்லாம் ஒரே நாளில் வரும். செத்தவரைக் குறை சொல்லக் கூடாது என்று ஊர் பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. கதை மட்டும்தான் அதைத் திறக்கக்கூடிய இடம்.

மேலே சொன்ன அங்கதனிடம் திரும்பிப் போவோம். அவன் அழும்போது, யாருக்கும் மனத்தாலும் செய்கையாலும் ஒரு தீவினையும் செய்யாதவனே என்றுதான் தகப்பனை விளிக்கிறான். வாசிக்கிற எங்களுக்கு வாலி செய்தது தெரியும். தம்பியைத் துரத்தி, தம்பியின் மனைவியையும் எடுத்துக்கொண்டவன். சற்று முன்புதான் இராமன் அதே குற்றத்தைச் சுமத்தி நீண்ட வழக்காடல் நடந்து முடிந்திருக்கிறது. ஆனால் மகன் அழும்போது இராமனோ சுக்கிரீவனோ குறுக்கே பேசி அவனைத் திருத்தவில்லை. கம்பர் அந்தச் சொற்களை அப்படியே விட்டுவிடுகிறார். ஊருக்கு ஒரு வாலி, மகனுக்கு ஒரு வாலி. இரண்டும் உண்மை. குறையுள்ள அப்பாவை எழுத விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது: பிள்ளையின் வாயால் தீர்ப்புச் சொல்ல வைக்காதீர்கள், அப்பாவுக்கு வெள்ளையும் அடிக்காதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

ஏன் இந்தக் கதைகளில பழிவாங்கல் அடிக்கடி வருது?

கோபம் துயரத்தைவிடச் சுலபம். கோபத்துக்குச் செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டுக்கு அப்பாவின் ஆவி வந்து பழி தீர்க்கச் சொல்கிறது. நாடகம் முழுக்க மகன் துக்கம் கொண்டாட நேரமில்லாமல் அந்தக் கட்டளையைச் சுமக்கிறான். அசுவத்தாமன் நிலைமை இன்னும் மோசம். "அசுவத்தாமன் இறந்தான்" என்ற பேச்சை மகனின் சாவு என்று நம்பித்தான் துரோணர் ஆயுதத்தைக் கீழே வைத்தார், கொல்லப்பட்டார். தன் பெயரே அப்பாவைக் கொன்ற ஆயுதம் ஆகிவிட்ட மகன் அவன். போர் முடிந்த பதினெட்டாம் நாள் இரவில் பாசறைக்குள் புகுந்து தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொல்கிறான். பிறகு உத்தரையின் கருவையும் குறிவைக்கிறான். அந்தக் கருவில் இருந்தது ஏற்கெனவே தகப்பனை இழந்த ஒரு பிள்ளை.

பழிக்கதை எழுதக்கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா விட்டுச்சென்ற வேலையைப் பிள்ளை எங்கே கீழே வைக்கிறது, அல்லது ஏன் வைக்க முடியவில்லை என்று கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்பாவைக் காணாமலே பிறந்த பிள்ளைக்கு என்ன உறவு இருக்கப்போகுது?

உத்தரையின் வயிற்றில் இருந்த அந்தப் பிள்ளைதான் பரீட்சித்து. அபிமன்யு இறந்த பிறகு பிறந்தவன். இப்படியான பிள்ளைக்கு நினைவு இல்லை, மற்றவர்கள் சொல்வது மட்டும்தான் இருக்கிறது. அப்பம்மா ஓர் அப்பாவைச் சொல்வார், அம்மா வேறோர் அப்பாவைச் சொல்வார், செட்டியார் தெருவில் கூட வேலை செய்தவர் மூன்றாவது ஒருவரைச் சொல்வார். மூன்றும் பொருந்தாது. அந்தப் பொருந்தாமையில் இருந்து பிள்ளை தனக்கென்று ஒருவரை உண்டாக்குகிறது. ஒரு கதைக்கு அது போதும்.

ஹரி பொட்டரும் அப்படித்தான். தாய் தகப்பன் இறக்கும்போது அவனுக்கு ஒரு வயதுதான். மூன்றாம் புத்தகத்தில், ஏரிக்கரையில் தன்னைக் காப்பாற்றிய மான் உருவத்தை ஏவியது அப்பாதான் என்று நம்பி, அவர் வரும்வரை மறைந்து நின்று காத்திருக்கிறான். யாரும் வரவில்லை. நேரம் போய்க்கொண்டிருக்கிறது. அப்போதுதான் தான் பார்த்தது தன்னையே என்று புரிந்து, தானே மந்திரத்தைச் சொல்கிறான். மான் அவன் அப்பாவின் உருவம். அப்பா வரவும் இல்லை, வராமல் போகவும் இல்லை.

அப்பா ஆவியாவோ கனவிலயோ வரலாமோ? பிள்ளையள ஏமாத்திற மாதிரி இல்லையோ?

வரலாம். என்ன செய்ய வருகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "லயன் கிங்" படத்தில், 1994இல் வந்தது, முஃபாசா மேகத்தில் தோன்றி நீ யார் என்பதை நினைவில் வை என்கிறார். சினிமாவில் அது எடுபட்டது. எழுத்தில் அறிவுரை சொல்ல வரும் அப்பா பெரும்பாலும் எழுத்தாளரின் குரலில்தான் பேசுகிறார். கனவில் வந்து செருப்பைத் தேடுகிற அப்பா, பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா என்று கேட்கிற அப்பா, இவரைத்தான் பிள்ளைகள் நம்புகிறார்கள். உண்மையான கனவுகளும் அப்படித்தானே வருகின்றன.

முதலாம் ஹரி பொட்டர் புத்தகத்தில் ஒரு கண்ணாடி வருகிறது. மனம் எதற்கு ஏங்குகிறதோ அதைக் காட்டும். ஹரி அதில் தன் குடும்பத்தைப் பார்க்கிறான், இரவிரவாகப் போய் அதன் முன் உட்காருகிறான். இந்தக் கண்ணாடி அறிவையும் தராது, உண்மையையும் தராது என்று தலைமையாசிரியர் சொல்லி அதை வேறிடத்துக்கு மாற்றுகிறார். அவனை ஏசவில்லை. மகளைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு மேலே சொன்ன எல்லைதான் இங்கேயும்: கதைப்பது சரி, கண்ணாடிக்கு முன்னாலேயே குடியிருப்பது சரியில்லை.

காணாமல் போன அப்பாவைப் பற்றி எழுதுறன். அவர் செத்திட்டார் எண்டு முடிச்சா வாசிக்கிறவைக்கு நிம்மதியா இருக்கும்தானே?

யாருடைய நிம்மதி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சாவு உறுதியாகாத இழப்பு வேறு வகையானது. போலின் பொஸ் என்ற ஆய்வாளர் பல பத்தாண்டுகள் இதைப் பற்றியே எழுதியவர். துயரம் உறைந்து நிற்பது அந்த மனிதர்களின் பலவீனத்தால் அல்ல, அந்த நிலைமையால்தான் என்று அவர் காட்டினார். எங்கள் நாட்டில் இது கற்பனை இல்லை. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மார் வீதியோரத்தில் கொட்டில் போட்டு இருந்தார்கள். திவசம் செய்யச் சம்மதிக்காத வீடுகள், பொட்டை அழிக்காத மனைவிமார் உண்டு. மேலே சொன்ன ஆடி அமாவாசை விரதத்தைப் பிடிக்கவா விடவா என்பதே அந்தப் பிள்ளைக்கு ஒரு கேள்வி. பிடித்தால் அப்பாவைச் சாகக் கொடுத்த மாதிரி.

ஹோமரின் ஒடிசியில் தெலமாக்கஸ் இப்படித்தான் தொடங்குகிறான். அப்பா உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. பைலொசுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் போய் அப்பாவைத் தெரிந்தவர்களிடம் விசாரிக்கிறான். அந்தத் தேடலில்தான் அவன் பெரியவன் ஆகிறான். அங்கே அப்பா திரும்பி வருகிறார். எங்கள் கதைகளில் அந்தக் கதவை நீங்களாகத் திறக்கவும் வேண்டாம், மூடவும் வேண்டாம். குடும்பம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு எழுதுபவர் பதில் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளையின் வாழ்க்கையை நகர்த்துங்கள். அது பரீட்சை எழுதும், காதலிக்கும், அடையாள அட்டை விண்ணப்பத்தில் தகப்பன் பெயரை நிரப்பும்போது பேனையை நிறுத்தும். அது போதும்.

அம்மா மறுமணம் செய்தா, பிள்ளை புது ஆளை ஏற்றுக்கொண்டா, செத்த அப்பாவுக்குத் துரோகம்தானே?

பிள்ளை அப்படித்தான் நினைக்கும், அதனால் கதையும் அதை நேராகச் சந்திக்க வேண்டும். ஹாம்லெட்டுக்கு வந்த புது அப்பா தன்னை உடனே தகப்பனாக நினைக்கச் சொன்னார், துக்கம் போதும் என்றார். பாரி மகளிருக்குக் கபிலர் அப்படிச் சொல்லவில்லை. பாரியின் நண்பனாகவே அவர்களைக் கூட்டிக்கொண்டு மன்னர்களிடம் போனார், பாரியின் பெயரைச் சொல்லியே அவர்களை அறிமுகப்படுத்தினார். இறந்தவரின் பெயரைச் சொல்லிக்கொண்டே பக்கத்தில் நிற்பவரைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளும்.

மகள் தமிழ்த்தினப் போட்டிக்கு இப்பிடி ஒரு சிறுகதை எழுதியிருக்கிறா. என்ன திருத்தச் சொல்லோணும்?

முதலில் ஆஸ்பத்திரிக் காட்சியை வெட்டச் சொல்லுங்கள். ஏறக்குறைய எல்லாப் போட்டிக் கதைகளும் அங்கேதான் தொடங்குகின்றன: வெள்ளைத் துணி, வைத்தியர் தலையை ஆட்டுகிறார், அம்மா மயங்குகிறார். கதையை ஒரு வருடம் கழித்துத் தொடங்கட்டும், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில். அப்பாவோடு வழக்கமாக ஏறும் 101ஆம் இலக்க பஸ்ஸில் அவள் முதல்தடவை தனியே ஏறுகிறாள். அப்பா எப்போதும் கடல் பக்க ஆசனத்தில்தான் உட்காருவார். இன்றைக்கு அந்த ஆசனம் காலியாக இருக்கிறது. உட்காருவாளா மாட்டாளா? கதை அங்கே இருக்கிறது.

இரண்டாவது, "அன்பே உருவான அப்பா", "தியாகச் சுடர்" இப்படியான சொற்களை எடுக்கச் சொல்லுங்கள். காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கி, உறைப்பு அதிகம் என்று மேலே போட்ட வெங்காயத்தையும் மிளகாயையும் தட்டிவிட்டுத் தரும் அப்பாவை எழுதட்டும். அவர் ஒரு நாள் அவளை எல்லோருக்கும் முன்னால் ஏசியதையும் எழுதட்டும். கதையில் ஓர் இடத்திலாவது சிரிப்பு வரட்டும். துக்க வீட்டிலேயே பிள்ளைகள் சிரித்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் துயரம் தொடர்ச்சியாக இருக்காது, வந்து வந்து போகும். எழுதும்போது அதை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது, கதை சொல்லும் பிள்ளைக்கு 10 வயது என்றால் 10 வயதுக்குத் தெரிந்தது மட்டும் கதையில் இருக்க வேண்டும். கடன், நோய், சண்டை எல்லாம் பாதிக் கதவுக்குப் பின்னால் கேட்ட மாதிரி வரட்டும். நடுவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று அவளே கேட்பாள். அதை யோசிக்காமல் எழுதச் சொல்லுங்கள்.

உண்மையிலயே அப்பா இல்லாத பிள்ளை வகுப்பில இருக்கேக்க இப்பிடிக் கதை படிப்பிக்கலாமோ, டீச்சர்?

படிப்பிக்கலாம். ஆனால் முதல் நாளே அந்தப் பிள்ளையைத் தனியே கூப்பிட்டு இன்ன கதை வருகிறது என்று சொல்லிவிடுங்கள். வகுப்பில் இருப்பதா, நூலகத்துக்குப் போவதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். பாடம் நடக்கும்போது அவரைப் பார்க்காதீர்கள், அவரிடம் கேள்வி கேட்காதீர்கள். மற்றப் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பது உங்கள் பார்வையைப் பார்த்துத்தான். "என் தந்தை" என்ற கட்டுரைத் தலைப்பையும் மாற்றிவிடுங்கள். "என் வீட்டில் ஒருவர்" என்று கொடுத்தால் எல்லோரும் எழுதலாம், அப்பாவைப் பற்றி எழுத விரும்புகிற அந்தப் பிள்ளையும் எழுதலாம்.

முடிவு சந்தோசமா இருக்கோணுமோ?

இருக்கலாம், ஆனால் "துயரம் தீர்ந்தது" என்று இருக்கக் கூடாது. மேலே சொன்ன பொஸ்டன் ஆய்வில் பிள்ளைகள் வளர வளர அப்பாவோடு உள்ள உறவைத் திரும்பத் திரும்ப மாற்றி அமைத்தார்கள். 8 வயதில் காவல் தெய்வமாக இருந்தவர் 15 வயதில் கேள்வி கேட்க வேண்டியவர் ஆகிறார். அவர் இறந்த வயதைத் தாண்டும்போது மகன் அவரைவிட மூத்தவன் ஆகிவிடுகிறான். அதனால் கதையை எந்த வயதில் நிறுத்துகிறீர்களோ அந்த வயதுக்குரிய முடிவு மட்டும் கிடைக்கும்.

பிள்ளை அப்பா இல்லாமல் ஒன்றைச் செய்து முடித்து, அதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று நினைக்கும் இடத்தில் நிறுத்திய கதைகள் என்னிடம் நீண்ட நாள் நிற்கின்றன. அழவேண்டும் என்று இழுத்த முடிவுகள் நிற்பதில்லை.

மகன் புத்தகத்தை வாசிச்சு முடிச்சிட்டான். ஒரு சொல்லும் கதைக்கேல்ல. திருப்பிக் குடுக்கிறதோ, வச்சிருக்கிறதோ?

கதைக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. கொழும்பு பொது நூலகத்திலோ தமிழ்ச் சங்க நூலகத்திலோ எடுத்த புத்தகம் என்றால், திருப்பிக் கொடுக்க முன் அவனிடம் கேளுங்கள். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றால் தவணையை நீடித்துக் கொடுங்கள். கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள் என்றால் கொடுத்துவிடுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம். சில பிள்ளைகள் ஒரு வருடம் கழித்து அதே புத்தகத்தைத் தாங்களே கேட்டு வருகிறார்கள்.